காலண்டர் தாளில் பென்சிலால் எழுதிய பெயர்கள்

அம்மா ஒவ்வொரு வருஷமும் தூத்துக்குடியிலிருந்து ஒரு தினக் காலண்டர் அனுப்பி வைப்பாள். ராகுகாலம், எமகண்டம், சூலம் எல்லாம் அச்சடித்த, தினம் ஒரு தாள் கிழிக்கிற சிவகாசி காலண்டர். லண்டன் குரோய்டனில் எங்கள் அடுப்படிச் சுவரில் அது தொங்குகிறது. புரட்டிப் பார்த்தால் சில தாள்களின் ஓரத்தில் பென்சிலால் ஒரு பெயர் இருக்கும். வீட்டுக்கு வருகிறவர்கள் யாருக்குப் பிறந்தநாள் என்று கேட்பார்கள். அவையெல்லாம் நான் என் நாவலை யாருக்கெல்லாம் அனுப்பியிருக்கிறேனோ அந்த இலக்கிய ஏஜென்ட்டுகளின் பெயர்கள். அந்தத் தாள் மேலே வருகிற வரைக்கும் அந்த ஆளைப் பற்றி நினைக்கக் கூடாது என்று எனக்கு நானே ஒரு கட்டுப்பாடு வைத்திருக்கிறேன்.

இந்த ஏற்பாட்டுக்கு வந்து சேர ஒன்பது மாதம் பிடித்தது. அந்த ஒன்பது மாதம் நான் பட்ட பாட்டை இன்னொருத்தர் பட வேண்டாம் என்றுதான் இதை எழுத உட்கார்ந்தேன்.

தமிழில் எழுதுகிறவர்களுக்கு இந்த ஏஜென்ட் சமாச்சாரம் பழக்கமில்லாதது. நம் ஊரில் நாவலை முடித்தால் நேரே பதிப்பகத்துக்கு அனுப்புவோம், இல்லையென்றால் தெரிந்தவர் மூலமாகப் பதிப்பாளர் கையில் கொடுப்போம். லண்டனிலும் நியூயார்க்கிலும் பெரிய பதிப்பகங்கள் பெரும்பாலும் எழுத்தாளரிடமிருந்து நேரடியாக வாங்குவதில்லை. நடுவில் ஏஜென்ட் வேண்டும். அவர் படிப்பார், பிடித்தால் எடுத்துக்கொள்வார், திருத்தச் சொல்வார், அப்புறம் பதிப்பகங்களிடம் கொண்டுபோய் விற்பார். அப்பாவிடம் போனில் இதைச் சொன்னதும் அவர் முதலில் கேட்டது, "அந்த ஆளுக்கு எவ்வளவு குடுக்கணும்ட்டி?" அவருக்குத் தெரிந்த ஏஜென்ட்டுகள் எல்.ஐ.சி.க்காரரும் துபாய்க்கு ஆள் அனுப்புகிறவரும்தான்.

சரியான கேள்வி அது. இந்தத் தொழில் லண்டனில் 1870களில் தொடங்கியபோது, ஏ. பி. வாட் என்ற கிளாஸ்கோக்காரர் 10 சதவீதக் கமிஷனுக்கு எழுத்தாளர்களின் படைப்புகளை விற்றுக் கொடுத்தார். இன்றைக்கு உள்நாட்டு விற்பனைக்கு 15, வெளிநாட்டு உரிமைக்கும் மொழிபெயர்ப்புக்கும் 20 என்பது பொதுவான வழக்கம். எல்லாமே புத்தகம் விற்ற பிறகு, வருகிற பணத்திலிருந்து பிடித்துக்கொள்வது. படித்துப் பார்ப்பதற்கென்று முன்கூட்டியே காசு கேட்டால் அந்த மெயிலுக்குப் பதில் எழுதவே வேண்டாம். முதல் மாதத்திலேயே எனக்கு அப்படி ஒன்று வந்தது. நாவல் பிரமாதம், முழுசாகப் படிக்க 350 பவுண்டு என்று. பிரமாதம் என்ற ஒரு வார்த்தைக்காக வங்கி அட்டையை மேசையில் எடுத்து வைத்துவிட்டேன். "நீ இன்னும் அவருக்கு அனுப்பவே இல்லையே, எதைப் படிச்சுப் பிரமாதம்ங்கிறாரு?" என்று என் வீட்டுக்காரர் கேட்டதால் தப்பித்தேன். பதிலே வராத காலத்தில் மனசு எவ்வளவு மலிந்து போகும் என்று அன்றைக்குத் தெரிந்தது. பிரிட்டனில் ஏஜென்ட்டுகளுக்கென்று 1974-இல் ஏற்பட்ட ஒரு சங்கம் இருக்கிறது. ஒரு பெயரைக் கேள்விப்பட்டால் அந்த உறுப்பினர் பட்டியலில் அவருடைய நிறுவனம் இருக்கிறதா என்று பார்ப்பது இப்போது என் முதல் வேலை.

என் நாவல் உப்பளத்தைப் பற்றியது. அப்பா ஒரு உப்புக் கம்பெனியில் கணக்கெழுதினார். நான் பார்த்து வளர்ந்த பெண்களை வைத்து, ஆஸ்பத்திரி வேலை போக மிச்ச நேரத்தில், ஆங்கிலத்தில் எழுதினேன். ஆறு வருஷம். 2023 ஜூலை 9, ஞாயிற்றுக்கிழமை, ஒரே மூச்சில் 14 ஏஜென்ட்டுகளுக்கு அனுப்பினேன். மத்தியானம் மூன்று மணிக்குள் முடித்துவிட்டுப் பாயசம் வைத்தேன்.

அன்றைக்குச் செய்த தப்புகளை இப்போது எண்ண முடிகிறது. இங்கே பெரும்பாலானவர்கள் கேட்பது மூன்று: ஒரு அறிமுகக் கடிதம், ஒரு பக்கக் கதைச் சுருக்கம், முதல் மூன்று அத்தியாயங்கள். என் கடிதம் பள்ளிக்கூடத்தில் படித்த விண்ணப்பக் கடிதம் மாதிரி இருந்தது. தங்கள் பொன்னான நேரத்தை ஒதுக்கி என்று தொடங்கி, நான் யார், எங்கே பிறந்தேன், எத்தனை வருஷம் உழைத்தேன் என்று இரண்டு பத்தி. நாவல் மூன்றாவது பத்தியில்தான் தலையைக் காட்டியது. யாருடைய கதை, அவளுக்கு என்ன வேண்டும், எது குறுக்கே நிற்கிறது என்று முதல் நாலு வரியிலேயே சொல்லியிருக்க வேண்டும்.

கதைச் சுருக்கம் அதைவிட மோசம். சின்ன வயசில் தியேட்டரில் விற்ற பாட்டுப் புத்தகம் ஞாபகம் இருக்கிறதா? கதையைப் பாதி சொல்லிவிட்டு 'மீதியை வெள்ளித்திரையில் காண்க' என்று முடிப்பார்கள். நானும் அப்படித்தான் முடித்திருந்தேன். சுருக்கத்தில் முடிவு உட்பட எல்லாவற்றையும் போட்டு உடைத்துவிட வேண்டும். கதையைக் கடைசி வரை கொண்டுபோய்ச் சேர்க்க இவளுக்குத் தெரியுமா என்று பார்க்கத்தான் அதைக் கேட்கிறார்கள். போதாக்குறைக்கு நாவல் 1,30,000 வார்த்தை. புதிதாக எழுதுகிறவரிடம் 80,000 முதல் 1,00,000 வரைதான் எதிர்பார்ப்பார்கள் என்பது எனக்குப் பின்னால்தான் தெரியவந்தது.

எல்லாவற்றுக்கும் மேலான தப்பு, 14 பேருக்கும் ஒரே நாளில் அனுப்பியது. ஒருவர் ஒரு தடவை வேண்டாம் என்றால், அதே நாவலை அவரிடம் திரும்பக் கொண்டுபோக முடியாது. அவராகத் திருத்தி அனுப்பச் சொன்னால்தான் உண்டு. பதினாலு கதவையும் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் தட்டி முடித்திருந்தேன்.

அப்புறம் காத்திருப்பு. அனுப்பிய உடனே தானியங்கிப் பதில் வரும்: கிடைத்தது, நன்றி, 8 முதல் 12 வாரத்துக்குள் பதில் சொல்ல முயல்வோம். சிலர் கூடவே, 12 வாரத்தில் பதில் வராவிட்டால் இல்லை என்று எடுத்துக்கொள்ளவும் என்று போட்டிருப்பார்கள். இதை முதலில் படித்தபோது எனக்கு ஆத்திரம் வந்தது. இல்லை என்று ஒரு வரி எழுத முடியாதா? இப்போதும் எழுதத்தான் வேண்டும் என்று நினைக்கிறேன். ஆறு வருஷம் எழுதியவருக்கு ஒரு வரி அதிகமில்லை.

போன் என் கையை விட்டு இறங்கவில்லை. இரவு ஷிஃப்டில் மூன்று மணி இடைவேளையில், கேன்டீன் விளக்கு கண்ணைக் கூச, மெயிலைக் கீழே இழுத்து இழுத்து விடுவேன். லண்டனில் எந்த ஏஜென்ட் நடுராத்திரி மூன்று மணிக்குப் பதில் எழுதப்போகிறார்? தெரியும். ஆனாலும் இழுப்பேன். மெயிலைத் திறக்காமலே அதன் முதல் நாலைந்து வார்த்தை போன் திரையில் தெரியுமே, அதிலிருந்தே மறுப்பை மோப்பம் பிடிக்கப் பழகிவிட்டேன். அனுப்பியதற்கு நன்றி என்று தொடங்கினால் அடுத்த வரியில் 'துரதிர்ஷ்டவசமாக' இருக்கும். க்வெரி டிராக்கர் என்று ஒரு தளம் உண்டு. யார் எத்தனை நாளில் பதில் சொன்னார் என்று எழுத்தாளர்கள் பதிந்து வைப்பது. யார் இப்போது வாங்குகிறார், யார் மூடி வைத்திருக்கிறார் என்று பார்க்க நல்ல இடம். நான் அதில் வேறு வேலை செய்துகொண்டிருந்தேன். இன்னாருக்கு இருபதாம் நாள் மறுப்பு வந்திருக்கிறது, எனக்கு முப்பதாகியும் வரவில்லை, அப்படியென்றால் யோசிக்கிறார்கள் போலிருக்கிறது என்று அந்த மௌனத்துக்குப் பொழிப்புரை எழுதினேன்.

இதில் எனக்கே வெட்கமாக இருப்பது, நான் வேலை பார்ப்பது ஆஸ்பத்திரி நுண்ணுயிரியல் ஆய்வகத்தில். அதாவது மற்றவர்களைக் காக்க வைக்கிற பக்கத்தில். ரத்தத்தில் கிருமி இருக்கிறதா என்று பார்க்க வருகிற குப்பிகளை மெஷினில் ஐந்து நாள் வைப்போம். கிருமி இருந்தால் பெரும்பாலும் முதல் இரண்டு நாளில் மெஷினே காட்டிக்கொடுக்கும். 'வளரவில்லை' என்ற கடைசி அறிக்கைக்கு ஐந்து நாளும் முடிய வேண்டும். வார்டிலிருந்து டாக்டர் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை போன் பண்ணினாலும் கிருமி வேகமாக வளராது. ஆனால் அந்தக் குப்பியை நாங்கள் அலட்சியமாக வைத்திருக்கிறோம் என்றும் அர்த்தமில்லை. வரிசையில் இருக்கிறது, அவ்வளவுதான். அவசரம் என்று குறித்தது முதலில் போகும்.

ஏஜென்ட்டுக்கு அவசரம் என்பது ஏற்கெனவே அவர் எடுத்துக்கொண்ட எழுத்தாளர்கள். அவர்களுடைய ஒப்பந்தம், திருத்தம், பாக்கிப் பணம் இதெல்லாம் முடிந்து மிச்ச நேரத்தில்தான், பலசமயம் ராத்திரியிலும் சனி ஞாயிறிலும், எங்களைப் போன்றவர்களின் பிரதிகளைப் படிக்கிறார்கள். இது தெரிந்திருந்தால் ஜூலையில் அனுப்பியிருக்க மாட்டேன். ஆகஸ்டில் இங்கே பாதிப் பேர் விடுமுறையில் போய்விடுவார்கள். அக்டோபரில் ஃபிராங்ஃபர்ட் புத்தகச் சந்தை. வசந்தத்தில் லண்டன் புத்தகச் சந்தை. சந்தைக்கு முன்னே பின்னே மூன்று நாலு வாரம் உரிமை விற்கிற வேலையிலேயே ஓடிவிடும். என்னுடைய 12 வாரம் முடிந்தது அக்டோபர் 1. ஃபிராங்ஃபர்ட்டுக்கு இரண்டரை வாரம் முன்னால். நம் ஊர்க் கணக்கில் சொன்னால், மார்கழிக் கடைசியில், புத்தகக் கண்காட்சி நேரத்தில், சென்னைப் பதிப்பாளரிடம் போய் என் கையெழுத்துப் பிரதி என்னாச்சு என்று கேட்பதற்குச் சமம்.

அக்டோபரில் கணக்குப் பார்த்தேன். எல்லோருக்கும் ஒரே வாசகமாக அனுப்புகிற அச்சு மறுப்பு ஐந்து, மௌனம் ஒன்பது. அன்றைக்கு ராத்திரி அப்பாவைக் கூப்பிட்டேன்.

அப்பா எண்பதுகளில் வாரப் பத்திரிகைகளுக்குச் சிறுகதை அனுப்பியவர். தாளின் ஒரு பக்கம் மட்டும் எழுதி, சொந்த முகவரி எழுதிய உறையில் ஸ்டாம்பும் ஒட்டி உள்ளே வைத்து அனுப்ப வேண்டும். வேண்டாம் என்றால் அந்த உறையிலேயே கதை திரும்பி வரும். தபால்காரர் தெருமுனையில் சைக்கிளை நிறுத்தும்போதே அப்பா அவர் கையைப் பார்ப்பார். தடித்த உறை என்றால் கதை திரும்பிவிட்டது. ஒல்லியான உறை என்றால் ஏதோ எழுதியிருக்கிறார்கள். ஏழு வருஷத்தில் இரண்டு கதைதான் அச்சாயின என்பது எனக்கே தெரியாது, அன்றைக்குத்தான் சொன்னார்.

"தடிச்ச கவரு வந்தா நான் அதைப் பொட்டில போட்டு வச்சதே கெடையாதுட்டி. முத பக்கம் கசங்கியிருந்தா அதை மட்டும் திருப்பி எழுதிட்டு, அன்னைக்கே வேற பத்திரிகைக்கு அனுப்பிருவேன். ஒனக்குக் கவரே திரும்பி வரலைங்கிற. அதான் கஷ்டம். நீயே ஒரு தேதி போட்டுக்கோ. அந்தத் தேதி வந்தா, கவரு வந்துட்டுன்னு வச்சுக்கோ."

"அதுக்கப்புறம் பதில் வந்தா?"

"வந்தா நல்லதுதான. வரட்டும்."

வரவும் செய்தது. டிசம்பரில், நான் இல்லை என்று கோடு போட்டிருந்த ஒருவரிடமிருந்து. மறுப்புதான், ஆனால் மூன்று வரி சொந்தமாக எழுதியிருந்தார். எழுத்து பிடித்திருக்கிறது, ஆனால் முதல் அத்தியாயத்தில் தன்னை யாரோ ஊர் சுற்றிக்காட்டக் கூட்டிப்போவதுபோல் இருந்தது, அந்தப் பெண் எப்போது வருவாள் என்று காத்திருக்க வேண்டியதாயிற்று என்று.

பிரதியை எடுத்துப் பார்த்தேன். முதல் பக்கம் முழுக்க நான்தான் நின்றேன். இந்தியாவில் குஜராத்துக்கு அடுத்தபடி உப்பு விளைவது தமிழ்நாட்டில், அதில் பெரும்பங்கு தூத்துக்குடியில், மன்னார் வளைகுடா, வெயில், காற்று. கோலம் என்றால் என்ன என்று ஒரு வரி, தூக்குவாளி என்றால் என்ன என்று ஒரு வரி. வெள்ளைக்காரர்களுக்குப் புரியாமல் போய்விடுமோ என்ற பயத்தில் பதினோரு பக்கம் விளக்கியிருக்கிறேன். என் நாயகி பன்னிரண்டாம் பக்கத்தில் வருகிறாள். அதை அப்படியே வெட்டினேன். இப்போது நாவல் விடியுமுன் தொடங்குகிறது. உப்பு வாருகிற பலகையைத் தோளில் போட்டுக்கொண்டு அவள் இருட்டில் வரப்பில் நடக்கிறாள். குதிகால் வெடிப்பில் உப்புத் தண்ணீர் பட்டதும் காலை எடுக்காமல் ஒரு நிமிஷம் அப்படியே நிற்கிறாள், எரிச்சல் பழகட்டும் என்று. அவ்வளவுதான் முதல் பத்தி. எந்த ஊர் என்று சொல்லவே இல்லை. அதே கண்ணோடு மற்ற அத்தியாயங்களையும் வெட்டியதில் மொத்தமும் 96,000 வார்த்தைக்கு வந்தது. அந்த 14 பேருக்கு இதைக் காட்ட முடியாதே என்பது இன்றும் வலிக்கிற விஷயம்.

அதற்கப்புறம் ஒரு தடவைக்கு ஐந்து பேர், அதற்கு மேல் இல்லை. ஐந்து பேரிடமிருந்தும், முழு நாவலையும் அனுப்பச் சொல்கிற முழுப் பிரதி கேட்பு ஒன்றுகூட வராவிட்டால் கடிதத்திலோ முதல் பக்கங்களிலோ கோளாறு என்று எடுத்துக்கொண்டு திருத்துவேன். திருத்தாமல் அடுத்த ஐந்துக்குப் போவதில்லை. ஒரு எக்செல் தாளில் யாருக்கு, எந்தத் தேதி, எத்தனையாவது வடிவம், அவர்களே சொன்ன கெடு எத்தனை வாரம், பதிலில் இருந்த வாசகம் எல்லாம் இருக்கிறது. ஒரே நிறுவனத்தில் இரண்டு பேருக்கு ஒரே சமயத்தில் அனுப்புவதில்லை. பல நிறுவனங்கள் அதைக் கூடாது என்றே எழுதியிருக்கின்றன. இதற்கென்று தனி மெயில் முகவரி தொடங்கினேன், அதைப் போனில் வைக்கவில்லை. வீட்டுக் கணினியில் சாயங்காலம் ஒரு தடவை பார்ப்பேன். தூக்கத்தைத் திருப்பிக் கொடுத்தது இந்த ஒன்றுதான். அப்புறம் அப்பா சொன்ன தேதி. அதற்குத்தான் அம்மாவின் காலண்டர்.

2024 ஏப்ரல் கடைசியில், லண்டன் சந்தை முடிந்து தூசி அடங்கிய பிறகு, முதல் ஐவருக்கு அனுப்பினேன். பதினேழாம் நாள் ஒருவர் முழு நாவலையும் கேட்டார். அந்தச் சாயங்காலம் மகள் வீட்டுப்பாடத்துக்காகக் கணினியில் உட்கார்ந்திருந்தாள், "அம்மா, யாரோ உன் புக்கை ஃபுல்லா கேக்குறாங்க" என்று அடுப்படிக்கு ஓடிவந்தாள். தோசைக் கரண்டியோடு நின்று நாலு தடவை படித்தேன்.

முழுப் பிரதி கேட்பு என்பது வாக்குறுதி இல்லை என்று அன்றைக்கு யாராவது எனக்குச் சொல்லியிருக்க வேண்டும். நாலரை மாதம் ஆனது. மூன்று மாதம் கழித்து நினைவூட்டி இரண்டு வரி எழுதினேன்: இந்த நாவல், இந்தத் தேதியில் அனுப்பியது, இன்னும் பரிசீலனையில் இருக்கிறதா என்று மட்டும். மன்னிப்பு கேட்கவில்லை, கோபத்தையும் காட்டவில்லை. இருக்கிறது, பாதி படித்திருக்கிறேன் என்று மறுநாளே பதில் வந்தது. ஆகையால் நினைவூட்டப் பயப்பட வேண்டாம், அவர்கள் சொன்ன கெடு தாண்டிய பிறகு ஒரு தடவை எழுதலாம். செப்டம்பர் கடைசியில் இல்லை என்றார். அரைப் பக்கம் எழுதியிருந்தார், கடைசி மூன்றாவது பங்கு தொய்கிறது என்று. அன்றைக்கு லீவு போட்டேன். குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன், மகளுக்குக் கேட்கக் கூடாதென்று. அச்சு மறுப்பு பதினைந்தைவிட நன்றாகப் படித்த ஒருவரின் மறுப்பு ஆழமாக இறங்குகிறது. மூன்று வாரம் அந்தக் கடிதத்தைத் திறக்கவில்லை. திறந்தபோது அவர் சொன்னதில் பாதி சரியாகத்தான் இருந்தது, அந்தப் பாதியைத் திருத்தினேன். மற்றப் பாதியைத் திருத்தவில்லை. அது அவருடைய நாவலாகிவிடும்.

காத்திருக்கும்போது அடுத்ததை எழுது என்று எல்லோரும் சொல்வார்கள். எனக்கு அது லேசில் வரவில்லை. பதில் வராத நாவலின் ஆட்கள் வீட்டை விட்டுப் போகவே மாட்டார்கள். கடைசியில் கைகொடுத்தது இடத்தை மாற்றியதுதான். புது நாவல் இந்த ஊரில், இரவு ஷிஃப்ட் முடிந்து வருகிற ஒரு பஸ்ஸில் நடக்கிறது. உப்பளம் அதற்குள் வர வழியில்லை. ஏழாவது அத்தியாயத்தில் இருக்கிறேன். பஸ்ஸிலேயே நோட்டில் எழுதுகிறேன், கையெழுத்து ஆடுகிறது.

இந்த ஆகஸ்ட் 26-ஆம் தேதி, நாலாவது ஐவரில் ஒருவர் கேட்டு, முழு நாவலை அனுப்பியிருக்கிறேன். நான் எழுதிக்கொண்டிருக்கிற இன்று அக்டோபர் பாதி. ஃபிராங்ஃபர்ட் நேரம், அதனால் இந்த வாரம் யாரும் எதையும் படிக்கப் போவதில்லை என்று தெரியும். 12 வாரத் தாள் நவம்பர் 18, செவ்வாய்க்கிழமை. ஓரத்தில் அவர் பெயர் இருக்கிறது. அன்றைக்கு நினைவூட்ட வேண்டும். அம்மாவிடம் சொன்னேன். அவள் தன் வீட்டுக் காலண்டரையும் புரட்டிப் பார்த்துவிட்டு, செவ்வாய் மூணுலருந்து நாலரை ராகுகாலம், அதுக்கு முன்னாடியே அனுப்பிரு என்றாள். இங்கத்து மூணா, அங்கத்து மூணா என்று கேட்டேன். லைனில் அப்பாவிடம் ஏதோ கேட்டாள். ரெண்டுக்கும் முன்னால, காலையில எந்திரிச்சதும் அனுப்பு என்றாள்.